எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது

பிப்ரவரி 6

தம்பிக்கு,

நம் குடும்பத்தில் போன வாரம் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. எடுத்தவர் அப்பா. காலையில் முகச்சவரம் முடித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் வந்து நின்று, இனிமேல் தன் கைக்கடிகாரம் உன் ஊர் நேரத்தைத்தான் காட்டும் என்று அறிவித்தார். ஆயுள் முழுக்க டிரில் மாஸ்டராக இருந்தவர் என்பதால் அறிவிப்புக்கு முன் விசில் ஊதினார். "எதிர்ப்பு இருந்தா இப்பவே சொல்லிடு" என்றார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. அது முழு மனதான சம்மதமாக ஏற்கப்பட்டது.

உன் ஊர் எங்களைவிட ஐந்து மணி நேரம் முந்தி ஓடுகிறது. கடிகாரம் மட்டும் ஓடினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பாவும் கூடவே ஓடுகிறார். காலை எட்டு மணிக்கு மதியச் சாப்பாடு கேட்கிறார். மூன்று மணிக்கு இரவுச் சாப்பாடு. நாலரைக்கு விளக்கை அணைக்கச் சொல்கிறார். வெயில் அணையாததற்கு என்னைப் பார்க்கிறார். உன் ஊரில் விடியும் நேரம் இங்கே நடுராத்திரி. அப்போது எழுந்து கைகால் வீசி உடற்பயிற்சி செய்கிறார். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "சார், உங்க பையன் ஊர்ல விடிஞ்சிருக்கலாம். எங்க வீட்ல இன்னும் விடியல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் காரணம் நீ. உன் பாப்பாவின் படத்தை அனுப்பி, "தாத்தா ஒரு தடவை வந்து பார்க்கட்டும்" என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார்.

டாக்டர் சொன்னதை உனக்கு மறுபடி எழுதுகிறேன். போன வருஷம் அவர் காலில் ரத்தம் கட்டிக்கொண்ட பிறகு, விமானம் என்றால் எட்டு மணி நேரம்தான், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது என்றார். நான் பயணச்சீட்டு அலுவலகத்தில் விசாரித்தேன். இங்கிருந்து உன் ஊருக்கு ஏழு மணி நாற்பது நிமிஷம். உன் ஊரிலிருந்து இங்கே எட்டு மணி ஐம்பது நிமிஷம். அதாவது அப்பா போகலாம். வர முடியாது. இது தெரிந்து கூப்பிட்டாயா, தெரியாமல் கூப்பிட்டாயா?

போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் அப்பா போட்ட தடை இன்னும் அமலில் இருக்கிறது. நினைவிருக்கும். "அப்பாவை மூணாவது மாடியில வச்சிருக்கியே, கீழ்த்தளம் பார்க்கக் கூடாதா" என்று நீ கேட்டாய். "ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு மாடி எண்றது சுலபம்" என்று நான் சொன்னேன். அதன் பிறகு நாம் இருவரும் சொன்னதை எழுதத் தேவையில்லை. அப்பா ரிசீவரில் விசில் ஊதி, "ரெண்டு பேரும் வெளிய போங்க. இனிமே போன் கிடையாது. எழுதுங்க. எழுதும்போது ஒருத்தர் பேச்சுல ஒருத்தர் பாய முடியாது" என்றார்.

பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில். இரண்டாவது முறையும் அப்படித்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். கீழ்த்தளத்திலிருந்து பதினெட்டாம் மாடிக்கு எவ்வளவு தூரமோ, பதினெட்டாம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கும் அவ்வளவுதான் தூரம். இதில் எனக்கு அனுபவம் உண்டு. உன் ஊருக்கும் என் ஊருக்கும் ஏழாயிரம் கிலோமீட்டர். என் ஊருக்கும் உன் ஊருக்கும் அதே ஏழாயிரம். வரும்போது மட்டும் வழி நீளுமா? உன் அலுவலகத்துக்காரர் தவறான பக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். நீயும் அதைப் பிடித்துக்கொண்டாய், ஏனென்றால் அது நான் கெட்டவன் என்று சொல்கிறது.

அப்பாவை வரவழைத்துப் பூட்டி வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றுதானே நினைக்கிறாய்? எங்கள் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. அவருக்குக் கூடத்தில் மடக்குக் கட்டில் போட இடம் அளந்து வைத்திருக்கிறேன். ஆளைக் கடத்துகிறவன் மடக்குக் கட்டில் வாங்குவானா?

ஒன்று சொல்கிறேன். பாப்பாவுக்குத் தாத்தா என்றால் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் படம்தான். படத்தில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். அதனால் தெருவில் வெள்ளைச் சட்டை போட்ட கிழவர் யார் போனாலும் "தாத்தா" என்று கூப்பிடுகிறாள். அதில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டார். இப்போது வாரம் ஒருமுறை பலூன் கொண்டுவந்து கொடுக்கிறார். நல்ல மனிதர். என் மனைவி அவருக்குக் காபி கொடுக்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தால் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து என் குடும்பத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்.

எனக்கு அவர்மேல் ஒன்றும் கோபமில்லை. ஆனால் அவர் அப்பா இல்லை.

தம்பி

*

மார்ச் 4

தம்பிக்கு,

அலுவலகத்துக்கு மறுபடி போனேன். இந்த முறை சாட்சிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அது என் தப்பு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதே எண்களைத்தான் சொன்னாள். போக ஏழு நாற்பது, வர எட்டு ஐம்பது. "ஏம்மா, தூரம் ஒண்ணுதானே" என்று உன் கட்சியை நானே எடுத்துப் பேசினேன். "தூரம் ஒண்ணுதான் மேடம். காத்து ஒண்ணு இல்ல" என்றாள். அதற்குமேல் விளக்கம் கேட்க எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

அதற்குள் அப்பா விமான நேரம் அச்சடித்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். இங்கே காலை பத்து மணிக்குக் கிளம்பினால் அங்கே இரவு பத்து நாற்பதுக்கு இறங்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. அங்கே காலை பத்து மணிக்குக் கிளம்பினால் இங்கே பகல் ஒன்று ஐம்பதுக்கு இறங்கலாம். அந்தந்த ஊர் நேரம். அப்பா விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "போக பன்னெண்டே முக்கால் மணி நேரம். வர நாலு மணி நேரம்கூட இல்ல. டாக்டர் சொன்னது போறதுக்குத்தான். வர்றதைப் பத்தி நீ ஏன் கவலைப்படுறே?" என்றார். ஐந்து மணி நேர வித்தியாசம் என்று நான் ஆரம்பித்தேன். அந்த ஐந்து மணியைக் கையிலேயே கட்டிக்கொண்டிருப்பவர், "அது வேற கணக்கு. இது அச்சுல இருக்கு" என்றார். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

ஆக, ஒரே பயணத்துக்கு நம் வீட்டில் மூன்று கணக்கு. நீ கிலோமீட்டரைப் பார்க்கிறாய், போவதும் வருவதும் ஒன்று என்கிறாய். அப்பா சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார், போவதுதான் நீளம் என்கிறார். நான் அவர் காலைப் பார்க்கிறேன்.

உன்னைக் கடத்தல்காரன் என்று நான் எழுதவில்லை. நீயே எழுதிக்கொண்டாய். ஆனால் யோசித்துப் பார். அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்குப் பேச இருப்பது அவர் ஒருவர். பேச்சு என்றால், அவர் கட்டளையிடுவார், நான் மாட்டேன் என்பேன். நாளெல்லாம் யார் யாருக்கோ பல் செட் செய்துவிட்டு வருகிற எனக்கு, வீட்டில் சண்டை போட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அவரை விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வர வழியில்லை என்றால், நான் மூன்று மாடி ஏறி வந்து யாரிடம் மாட்டேன் என்று சொல்வது?

பலூன்காரரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த நாற்காலியில் நீ உட்கார்.

அக்கா

*

மார்ச் 17

அக்காவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கட்டடத்தில் விமானம் ஓட்டுகிற ஒருவர் குடியிருக்கிறார். வியாழக்கிழமை லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்க் கதவை ஒரு சாண் விலக்கிப் பார்த்தால், உள்ளே தொப்பியும் பெட்டியுமாக அவரே நிற்கிறார். உடனே வெளியே எடுத்திருக்கலாம். ஆனால் அவரை நிறுத்தி வைத்துப் பேச இன்னொரு சந்தர்ப்பம் எனக்கு எப்போது கிடைக்கும்?

"சார், இங்கேயிருந்து மேற்கே போறதுக்கு ஏன் அதிக நேரம் ஆகுது?" என்று கேட்டேன்.

"காத்து. மேல மேற்கிலேருந்து கிழக்கே ஒரு காத்து ஆறு மாதிரி ஓடும். கிழக்கே வரும்போது முதுகுல தள்ளும். மேற்கே போகும்போது மூஞ்சில அடிக்கும்."

"தூரம் ஒண்ணுதானே சார்?"

"தூரத்தை யாருங்க கேட்டா? கதவைத் திறங்க."

"கோடையில குறையுமா சார்?"

"குறையும். எட்டே கால் மணி ஆகும். இப்ப திறக்கிறீங்களா, இல்ல நான் சத்தம் போடட்டுமா?"

திறந்துவிட்டேன். கோடையிலும் டாக்டர் சொன்னதற்கு மேல் கால் மணி நேரம் இடிக்கிறது. அந்தக் கால் மணியை டாக்டரிடம் நீ பேசிப் பார்க்க முடியுமா?

இன்னொன்று. உன் முதல் கடிதத்தைப் படித்தபோது, அப்பா திரும்பிப் போக முடியாது என்ற இடத்தில், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபமாகப் பதில் எழுதினேன். அந்தக் கணம் போய்விட்டது. நீ மூன்று மாடி ஏறி வருவதை எழுதியிருந்தாயே, அதோடு போய்விட்டது.

உங்கள் லிஃப்ட் இன்னும் ஓடவில்லையா?

தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

லிஃப்ட் ஓடவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டாக்டரிடம் போனோம். நான் கால் மணி நேரத்துக்குப் பேரம் பேசினேன்.

"எட்டே கால், டாக்டர்."

"எட்டு."

"பதினஞ்சு நிமிஷம்தானே."

"நீங்க பல் செட் செய்றவங்க. வாய் அளவுக்கு மேல கொஞ்சம் பெரிசா செஞ்சு, 'கொஞ்சம்தானே'ன்னு சொல்லிக் குடுப்பீங்களா?"

அப்பா தன் தாளை எடுத்துக் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்து, "நாலு மணி நேரம்தானா, அப்ப வரலாமே" என்றார். பிறகு ஐந்து மணி வித்தியாசம் அவருக்கும் உறைத்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவர் கட்டளை போடாமல் நடந்து வந்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து படியேறினோம். வழக்கம்போல இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார். நான் பையோடு நின்றேன். அவர் காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "மூணு மாடியும் ஒரே மூச்சுல ஏறுன்னு அந்த டாக்டர் சொல்லலியே. அந்த விமானம் நடுவுல எங்கயும் நிக்காதா?"

நான் பையைக் கீழே வைத்துவிட்டேன்.

நிற்கும். நேராகப் போகிறது நிற்காது. இன்னொன்று நடுவில் ஓர் ஊரில் நிற்கும். இந்தப் பக்கம் நாலரை மணி நேரம், அந்தப் பக்கம் நாலரை மணி நேரம். நடுவில் இறங்கி மூன்று மணி நேரம் நடக்கலாம். டாக்டர் போனிலேயே சரி என்றுவிட்டார். சீட்டு அலுவலகத்துப் பெண்ணிடம், "இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா" என்று கேட்டேன். "நீங்க நேரா போறதைத்தானே மேடம் கேட்டீங்க" என்றாள். உண்மைதான். இரண்டு மாதமாக நாம் சண்டை போட நேர் விமானமே போதுமாக இருந்தது.

ஆகவே: மே மாதம் அப்பா நேர் விமானத்தில் உன்னிடம் வருகிறார். திரும்பும்போது நடு ஊரில் விமானம் மாற அவரைத் தனியாக விட முடியாது, அதனால் ஜூன் கடைசியில் நீ அவரை அந்த ஊர் வரை கொண்டு வா. நான் அங்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்பா இதற்கு ரிலே ஓட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார். கைமாற்றுகிற கோல் தான்தான் என்றும் சொல்லிக்கொள்கிறார். கடைசியாக நம்மை அவர் ரிலே ஓடவிட்டது பள்ளிக்கூடத்தில். "வந்து வாங்கிக்கோ" என்று நீயும் "கொண்டுவந்து குடு" என்று நானும் அவரவர் கோட்டிலேயே நின்றது நினைவிருக்கிறதா?

அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

அப்பா வந்து சேர்ந்தார். கால் வீங்கவில்லை. சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தவனிடம், "நீ உட்கார், நான் தள்றேன்" என்றாராம். விமானத்தில் ஏழு மணி நேரமும் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்ததால் பாதிப் பேர் அவரைப் பரிசோதகர் என்று நினைத்துப் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்களாம்.

பாப்பா அவரைத் தாத்தா என்று கூப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் முகம் எப்படி ஆயிற்று என்று நான் எழுத மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு புழுக்கமாக இருக்கிறது என்று பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். உள்ளே வெள்ளைச் சட்டை. அவள் வெளியே வந்துவிட்டாள். இப்போது விசில் அவள் கழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் அவள் சொன்னபடி வலது பக்கம் திரும்புகிறோம். சனிக்கிழமை பலூன்காரர் வந்தார். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சேர்ந்து நடக்கப் போனார்கள்.

நீ இதைக் கேட்க வேண்டும். வந்து இறங்கியதும் அப்பா முதல் வேலையாகத் தன் கடிகாரத்தை உன் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டார். காலை பத்து மணிக்கு எழுந்திருக்கிறார். மதியச் சாப்பாடு மாலை ஆறு மணிக்கு. நடுராத்திரி ஒரு மணிக்கு இரவுச் சாப்பாடு கேட்கிறார். "இங்க வந்தப்புறமும் எதுக்குப்பா?" என்று கேட்டேன். "அவ அங்க என்ன பண்றான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதில் நீ ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

தம்பி

*

மே 23

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பல் செட் செய்யும் இடத்தில் வேலைக்கு நடுவில் படித்தேன். கையில் இருந்த மேல்வரிசைப் பற்கள் கீழே விழுந்துவிட்டன. யாருடையவையோ. உடையவில்லை.

இங்கே மதியச் சாப்பாடு மதியத்தில் நடக்கிறது. வெயில் இருக்கும்போது விளக்கை அணைக்கச் சொல்ல ஆள் இல்லை. நாலு நாள் சுகமாக இருந்தது. அதன் பிறகு அப்படி இல்லை. கீழ்வீட்டுக்காரர் படியில் என்னை நிறுத்தி, "சார் எப்ப வர்றாரு?" என்று கேட்டார். அவருக்கு நடுராத்திரியில் விழிப்பு வந்து பழகிவிட்டதாம். எழுந்தால் மேலே சத்தம் இல்லாததால் மறுபடி தூக்கம் வருவதில்லையாம்.

திரும்பி வர இஷ்டமா என்று அப்பாவிடம் கேட்டுவிடாதே. கேட்டால் யோசிப்பார்.

ஜூன் 28. நடு ஊரில் நீ இறங்கி ஒரு மணி நேரம் கழித்து நான் இறங்குவேன். எங்கள் விமானமும் உன் விமானமும் கிளம்ப அதற்கப்புறம் மூன்று மணி நேரம் இருக்கிறது. நான் கோபமாகத்தான் வருவேன். ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்தது. முதல் அரை மணிக்குள் அதை முடித்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் பாப்பாவின் படங்களைக் காட்டு.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு இவள் இன்னும் காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொன்னால் நம்பவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அந்த விமான நிலையத்தில் அறிவிப்பு கிடையாது, பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாசலிலேயே எழுதியிருந்தார்கள். நாம் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். உன் கடிகாரத்தில் உன் ஊர் நேரம். அதோடு இரண்டு மணி கூட்ட வேண்டும் என்றாய். என் கடிகாரத்தில் என் ஊர் நேரம். அதிலிருந்து மூன்று கழிக்க வேண்டும் என்றேன். கூட்டினாலும் கழித்தாலும் ஒரே விடை வந்தது. உனக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில் ஒரே விடை வருவது இதுதான் முதல் தடவை. அதனால்தான் நாம் இருவரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. நடு ஊர் உன்னைவிட இரண்டரை மணி முந்தியும் என்னைவிட இரண்டரை மணி பிந்தியும் இருக்கிறது. நாம் ஒத்துப்போன நேரத்தில் அரை மணி நேரம் குறைந்தது. உன் விமானமும் போயிற்று, என் விமானமும் போயிற்று.

இதுவரை உனக்கும் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். அன்றிரவு அந்த விடுதி அறையில் நீ தூங்கிய பிறகு, அப்பா கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பார்த்தால் சுவரில் இருந்த கடிகாரமும் அதுவும் ஒரே நேரம் காட்டின. இறங்கும்போது விமானத்திலேயே சொன்னார்களாம், மாற்றி வைத்துக்கொண்டாராம்.

"அப்ப விமானம் கிளம்பப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லவே இல்லியேப்பா."

"ரெண்டு பேரும் ஒழுங்கா பேசிட்டு இருந்தீங்க. நடுவுல விசில் ஊத மனசு வரல."

அதோடு திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். நான் கொஞ்ச நேரம் விழித்திருந்தேன்.

டிசம்பரில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. எதிர்காற்றுதான், ஒன்பது மணி நேரம் ஆகுமாம். ஆகட்டும். உங்கள் லிஃப்டின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணை எழுதி அனுப்பு. வேண்டிய பாகத்தைக் கையோடு கொண்டு வருகிறேன்.

தம்பி

*

ஜூலை 14

தம்பிக்கு,

அப்பா நலம். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தம். பாப்பாவின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். விசில் கழுத்தில் தெரிகிற படம். அவர் வேறொரு விசில் வாங்கிக்கொண்டார்.

தகட்டில் உள்ள எண்ணைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் விளக்குப் பிடித்தார். லிஃப்ட் ஓடினாலும் தான் படியில்தான் வருவேன் என்று அப்பா சொல்லிவிட்டார், நீ மனம் தளராதே. என் பையாவது லிஃப்டில் வரட்டும். கூடத்தில் மடக்குக் கட்டிலுக்கு இடம் அளந்துவிட்டேன். இரண்டு போடலாம்.

போன் தடை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், பத்து நிமிஷம், சோதனை முறையில் நீக்கப்பட்டிருக்கிறது. அப்பா பக்கத்தில் நிற்பார்.

கடிகாரத்தை அவர் இன்னும் மாற்றவில்லை. நடு ஊர் நேரத்திலேயே இருக்கிறது. மாற்றட்டுமா என்று கேட்டேன். "ஒழுங்கா ஓடுது. இருக்கட்டும்" என்றார்.

இங்கே இப்போது மதியச் சாப்பாடு காலை பத்தரை மணிக்கு.

அக்கா